அறுநூறு பாகத்துக் குருவிக்கூடு

“தண்ணியை அவரின்ரை தலையிலை ஊத்தடா! ஏன் என்ரை காலிலை ஊத்துறாய்?”

சித்தப்பா சந்தியோகு சத்தம் போட்ட பிறகுதான் மேர்வின் ஒரு கண்ணைத் திறந்தார். மற்றக் கண்ணை அன்று முழுக்கத் திறக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை. கிணற்றடியில், கிடுகால் மறைத்த மறைப்புக்குள், வாங்கிலின் மேல் அவருடைய அப்பா சில்வெஸ்ரர் படுத்திருந்தார். எண்பத்தொரு வயது. விடியத் தேத்தண்ணி குடித்து, சீனி காணாது என்று குறை சொல்லி, கதிரையில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். டொக்டர் வந்து பார்த்து, இருதயம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. மேர்வின் ஒரே பிள்ளை; காத்திருக்க வெளிநாட்டில் ஆருமில்லை. பின்னேரம் மூன்றரைக்குக் கோயில், அதோடு சேமக்காலையில் அடக்கம்.

மேர்வினுக்கு நாற்பத்தொன்பது வயது, வேலணையில் கந்தோர் உத்தியோகம். பயப்படுவதில் மட்டும் நெடுந்தீவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தீவில் குதிரைகள் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிவிடலாம். மேர்வினின் பயங்களை எண்ண ஏலாது. படகு, பல்லி, ஊசி, மேலதிகாரியின் இருமல் என்று அது நீண்டுகொண்டு போகும். எல்லாவற்றுக்கும் மேலே பிரேதம். ஊரில் ஆர் செத்தாலும் படலையடியில் நின்று, உள்ளே எட்டிப் பாராமலே அழுதுவிட்டுத் திரும்புகிற மனிசன் அவர். அப்பாவுக்குச் சளி என்று சனிக்கிழமை பார்க்க வந்த இடத்தில் இப்படி மாட்டுப்பட்டுவிட்டார்.

“நெஞ்சிலை பூசின எண்ணெய் பிசினாய்க் கிடக்கு. சவுக்காரத்துக்குப் போகுதில்லை. உரஞ்சிறதுக்குப் பீர்க்கங்காய்த் தும்பு ஏதும் கிடந்தால் எடுத்துக்கொண்டு வா.”

சித்தப்பா சொல்லி முடிக்கவில்லை, மேர்வின் வீட்டுக்குள் நின்றார். அந்த ஓட்டத்தைப் போட்டியில் ஓடியிருந்தால் கந்தோருக்கு ஒரு கிண்ணமாவது கிடைத்திருக்கும்.

அப்பாவின் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை. சில்வெஸ்ரர் ஆழ்கடலை ஆராய்கிற கப்பலொன்றில் இருபது வருஷம் குசினி வேலை பார்த்தவர். ஆராய்ச்சிக்காரர் மிச்சமென்று ஒதுக்கிய கடற்பஞ்சுகளை வாங்கி, உப்புப் போக அலம்பி, காயவைத்து லீவில் கொண்டுவருவார். “இதெல்லாம் செடி எண்டு நினையாதை மோனை. உயிர்ச்சாமான். சூரியனைக் காணாத இடத்திலை, வாயில்லாமல், கண்ணில்லாமல் நிண்டு தின்னுதுகள்” என்று சொல்லுவார். ஆறு வயது மேர்வின் அன்று பாயை நனைத்தான். அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று வருஷமாக அந்த அலுமாரியைத் திறக்கவே இல்லை.

யன்னல் கட்டின் மேல், தேங்காய் அளவில், வெள்ளையாய் ஒரு தும்பு உருண்டை இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

சித்தப்பா அதை நனைத்து, சவுக்காரம் போட்டு அண்ணனின் நெஞ்சை நன்றாகத் தேய்த்தார். பிறகு மேர்வினிடம் நீட்டினார். “இந்தா, நீயும் உரஞ்சு. பெத்த மகனெல்லே.”

மேர்வின் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு மூன்று தரம் உரஞ்சினார். நெஞ்சு குளிர்ந்துபோய்க் கிடந்தது. மூன்றாவது தரம் கை தானாகவே நின்றுவிட்டது.

வெள்ளைச் சேர்ட், கறுப்புச் சப்பாத்து, கையில் செபமாலை என்று சில்வெஸ்ரரைப் பெட்டிக்குள் வைத்தார்கள். அந்தோனியம்மா செபம் தொடங்கினா. ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் முன்னுக்கு முழந்தாளிடுகிற மனிசி. ஒரு கண் மாதா படத்தில் இருந்தால் மற்றது பெட்டிக்கு எத்தனை பூமாலை வந்திருக்கிறது என்று பார்க்கும்.

செபமாலையின் இரண்டாவது காரணிக்கம் நடக்கும்போது மேர்வினின் உள்ளங்கை கடிக்கத் தொடங்கியது. முதலில் ஒரு முசுறு எறும்பு கடித்ததுபோல. பிறகு ஒரு கூடு முசுறு. கொஞ்ச நேரத்தில் தீவிலுள்ள முசுறு முழுக்க மணிக்கட்டுவரை ஏறிவிட்டது. குனிந்து பார்த்தார். கை செக்கச் சிவந்து, தடித்து, பொட்டுப் பொட்டாய்ப் பொங்கியிருந்தது.

எதிரில் சித்தப்பாவும் கையைச் சாறத்தில் துடைத்துக்கொண்டு நின்றார். “டேய், உனக்கும் எரியுதே?” என்று குசுகுசுத்தார்.

“ஓம் சித்தப்பா.”

“எனக்கு முழங்கை மட்டும் வந்திட்டுது.”

அந்தோனியம்மாவின் மற்றக் கண் திரும்பியது. “மாதாவே!” என்று எழும்பினா. “பிரேதத்தைக் குளிப்பாட்டின ரெண்டு பேருக்கும் கை பொங்குது! இது இருதயமில்லை, தொத்து வருத்தம்!”

அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றது. விறாந்தையில் இருந்த பெண்கள் பாயோடு முற்றத்துக்குப் போனார்கள்; முற்றத்தில் நின்றவர்கள் ஒழுங்கைக்குப் போனார்கள். பெட்டி தூக்க வந்த ஆறு பேரும் படலைக்கு வெளியே நின்று லேஞ்சியால் மூக்கைக் கட்டினார்கள். “சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ.க்குப் போன் அடியுங்கோ. அவர் வந்து சொல்லட்டும்” என்று ஆரோ கத்தினான்.

கொரோனாக் காலத்தில் ஒரு பிரேதம் போனதை மேர்வின் மதிலுக்கு மேலால் பார்த்திருக்கிறார். பொலித்தீனில் சுற்றியிருந்தார்கள். முகம் காட்டவில்லை, கோயில் மணியடிக்கவில்லை. வெள்ளை உடுப்புக்குள் ஆரென்று தெரியாத இரண்டு பேர் ட்ரக்டர்ப் பெட்டியில் ஏற்றினார்கள். பின்னால் ஒரு நாய் மட்டும் போனது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் தான் சாகப்போகிறோம் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. அப்பாவும் அப்படித்தான் போகப்போகிறார் என்றும் தெரிந்தது. எது பெரிய பயம் என்று மட்டும் பிடிபடவில்லை.

மனைவி ஜசிந்தா அவரை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். “கையைக் காட்டுங்கோ.”

“கிட்ட வராதையும்! உமக்கும் தொத்தப்போகுது. என்ரை பென்சன் பைல் மேசை லாச்சியிலை…”

“நீங்கள் செத்தால் பாப்பம் பென்சனை. எதாலை உரஞ்சினனீங்கள்?”

“பீர்க்கந் தும்பாலை. யன்னல் கட்டிலை கிடந்தது.”

“இந்த வீட்டிலை எங்கை பீர்க்கங்கொடி? நேற்றுப் பின்னேரம் மாமா அலுமாரியிலிருந்து என்னத்தையோ எடுத்துவைச்சுத் துடைச்சுக்கொண்டிருந்தவர்.” அவள் அலுமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். “திறவுங்கோ.”

“நானோ?”

“உங்கடை அப்பா. உங்கடை அலுமாரி. அவர் எழுதிவைச்ச எழுத்து எனக்கு விளங்காது.”

மேர்வின் திறந்தார். அவர் பயந்த மாதிரி ஒன்றும் பாய்ந்து வரவில்லை. உப்பு மணம்தான் வந்தது. தட்டுத் தட்டாக, ஒன்றைப்போல ஒன்றில்லாமல் நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் ஒரு துண்டு மட்டை. அதில் அப்பாவின் கோழிக்கிறுக்கல்.

‘விசிறி. 400 பாகம் ஆழம். கறி அடுப்புக்கு உதவாது.’

‘மரம். 1300 பாகம். கிளை நுனியிலை உருண்டை. இறால் குஞ்சு ஒட்டினால் விடாது, தின்னும்.’

‘கண்ணாடிக் கோல். இது யேசுநாதருக்கு மூத்தது எண்டு பெரிய விஞ்ஞானி சொன்னவர். வெறியிலை சொன்னாரோ தெரியாது.’

‘பூக்கூடை. குஞ்சாய் உள்ளுக்குப் போற சோடி இறால் வளர்ந்தாப் பிறகு வெளியிலை வர ஏலாது. நானும் மனிசியும் மாதிரி.’

மேல்தட்டில் ஓரிடம் காலியாக இருந்தது. தூசுக்குள் ஒரு வட்டம். அதன் நடுவில் மட்டை மட்டும் கிடந்தது. மேர்வின் தடித்த விரலால் அதைத் தூக்கினார்.

‘குருவிக்கூடு. 600 பாகம். பஞ்சு மாதிரித்தான் இருக்கும், முழுக்கக் கண்ணாடி ஊசி. மேர்வின் தொடாமல் பாரும். தொட்டால் தேய்க்க விடாதையும். பிளாஸ்ரர் ஒட்டி இழுத்தால் வந்திடும். சாக மாட்டான். ஆனால் பயந்துபோவான். பக்கத்திலை நில்லும்.’

அம்மாவுக்கு எழுதியது. அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம்.

ஜசிந்தா கேட்டாள். “என்ன எழுதியிருக்கு?”

அவர் மட்டையைச் சேர்ட் பைக்குள் வைத்தார். “பிளாஸ்ரர் இருக்கே?” என்றார்.

அவள் பிளாஸ்ரர்ச் சுருளைத் தேடி எடுத்து, ஒரு முழம் கிழித்து, அவருடைய உள்ளங்கையில் அழுத்தி ஒட்டினாள். இழுத்தாள். மேர்வின் போட்ட சத்தம் எழுவைதீவுக்குக் கேட்டிருக்கும். யன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். பிளாஸ்ரரில் மயிரிலும் மெல்லிய கண்ணாடி ஊசிகள், நூற்றுக்கணக்கில், மினுங்கிக்கொண்டு நின்றன.

அவள் அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு நேரே படலைக்குப் போனாள். “இந்தா பாருங்கோ உங்கடை தொத்து வருத்தத்தை! அந்தோனியம்மாக்கா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கோ!”

அந்தோனியம்மா பார்த்தா. “நான் அப்பவே நினைச்சனான், கடற்சாமான் எண்டு” என்றா.

சித்தப்பாவின் கைக்கு அரைச் சுருள் போனது. ஒவ்வொரு இழுவைக்கும் அண்ணனைப் பெயர் சொல்லித் திட்டினார். “செத்தும் சேட்டை விட்டுட்டான் பாவி!” திட்டத் திட்டக் கண்ணால் வடிந்தது, எரிவு என்று சொன்னார். ஆறு பேரும் லேஞ்சியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். செபம் விட்ட இடத்தில் தொடங்கியது. தூரத்தில் கோயில் மணி முதலாந்தரம் கேட்டது.

“மூடியைக் கொண்டுவாங்கோ” என்றார் சந்தியோகு.

“பொறுங்கோ.”

மேர்வின் பெட்டியடிக்கு வந்தார். பெட்டியின் விளிம்பைப் பிடித்தார். இந்தமுறை மேர்வினின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அப்பாவின் சேர்ட்டில் முதல் தெறியைக் கழற்றினார்; பிறகு இரண்டாவது; மூன்றாவது. வெயில் வாசலால் சரிந்து விழுந்த இடத்தில், நரைத்த நெஞ்சு மயிருக்கிடையில், அங்குமிங்கும் ஏதோ மினுங்கியது.

பிளாஸ்ரரை அளவாகக் கிழித்து, மெதுவாக ஒட்டி, மயிர் இழுபடாமல் ஓரத்திலிருந்து உரித்தார்.

சித்தப்பா குனிந்தார். “டேய் மேர்வின். அவருக்கு இனிக் குத்தாதடா.”

“ஓம்” என்றார் மேர்வின்.

இரண்டாந்தரம் மணி கேட்டது. தூக்க வந்தவர்கள் மூடியைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார்கள். உரித்த துண்டைப் பெட்டியின் விளிம்பில் ஒட்டிவிட்டு, மேர்வின் அடுத்ததைக் கிழித்தார்.