கடைசி வரியில் ஒரு சொல்

ரயீசா எஸ்தோனியாவின் ரக்வேரே ஊர்ப் பள்ளிச் சமையலறையில் சேர்ந்து முப்பது வருஷம். ரஷ்ய மொழிக்காரியான அவளுக்கு உப்பு, கரண்டி, உருளைக்கிழங்கு வரைக்கும் எஸ்தோனிய மொழி தண்ணீர் பட்ட பாடு. அதைத் தாண்டினால் தடுமாற்றம்தான்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து போனில் கடிதம் வந்தது. கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த பரிசோதனையின் முடிவு. மூன்றே வரிகள். கடைசி வரியில் ஒரு நீளமான சொல்: ஹெயாலோமுலினே. 'ஹெயா' என்றால் நல்ல, அது தெரியும். 'லோம்' என்றால் மிருகம், அதுவும் தெரியும். நன்றாக வளர்ந்த மிருகம் ஒன்று கழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். அதை உறுதிப்படுத்திக்கொள்ளத் தைரியமில்லை. போனில் தேடவில்லை, மகன் க்ளெப்பிடமும் மூச்சுவிடவில்லை.

திங்கட்கிழமை, பீட்ரூட் தோல் சீவும்போது, மொழி வகுப்பில் யாரோ கேட்டதுபோல அந்தச் சொல்லை, கூட வேலை செய்யும் மைமுவிடம் கேட்டாள். மைமுவின் கத்தி நின்றது.

"வகுப்புல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்கடி. யாருக்கு வந்திருக்கு?"

ரயீசா கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். மிருகத்தைப் பற்றியும் சொன்னாள்.

"மிருகமில்லடி, சுபாவம். நல்ல சுபாவம் உள்ளதுன்னு அர்த்தம். ஆளைக் கொல்லாத கட்டியை டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க அக்காவுக்கும் இதே சொல்லைத்தான் எழுதிக் குடுத்தாங்க. பதினோரு வருஷமாச்சு, இன்னும் என்னைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கா."

ரயீசா கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து, சிவந்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். மூன்று நாள் இதைத் தனியாகச் சுமந்ததற்கு மைமு அவளை ஒரு பிடி பிடித்தாள்.

சற்று நேரத்தில் தலைமைச் சமையல்காரி உல்லே வந்து சூப்பை ருசி பார்த்து, எப்போதும் குறை சொல்கிறவள் அதிசயமாக, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"இன்னிக்கு உல்லே ஹெயாலோமுலினேயா இருக்கா" என்றாள் ரயீசா.

மைமு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "மனுஷங்களை அப்படிச் சொல்லாதடி. அது கட்டிக்குத்தான். நல்ல மனசுக்காரின்னு சொல்ல வேற சொல்லு இருக்கு."

"உல்லேக்கு இதுவே பொருத்தமா இருக்கேடி" என்றாள் ரயீசா. இருவரும் சிரித்து ஓய நேரமாயிற்று.

மதியம் க்ளெப்புக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். இத்தனை நாள் மறைத்ததற்கு அவன் கோபித்துக்கொண்டான். கடைசியில், சனிக்கிழமை சவுனா எனும் நீராவிக் குளியலறைக்குத் தீ மூட்டுவதாகவும் கட்டாயம் வந்துவிட வேண்டுமென்றும் சொன்னான். உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.