கேட்கவில்லை என்று எழுதிய நாள்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் பதினான்கு பிள்ளைகள், பதினான்கு டைரிகள். சாயங்காலம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதற்குள், அன்றைக்கு அது எப்படி இருந்தது என்று டைரியில் இங்கிலீஷில் ஒரு வார்த்தையாவது எழுதியாக வேண்டும். அது காப்பகத்தை நடத்தும் மேடத்தின் சட்டம்.

எழுத வேண்டியவள் அங்கே வேலை பார்க்கும் அக்கா. பெரியவர்களுக்கும் அக்கா, பிள்ளைகளுக்கும் அக்கா. மூக்குத் துடைப்பது, சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. ஆனால் பத்தாவது வரை தமிழிலேயே படித்தவளுக்கு டைரியைத் திறந்தாலே வியர்த்துக் கொட்டும். முதல் மாதம் முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் 'குட்' என்றே எழுதி வைத்தாள்.

"இப்படி எழுதினா யாரு ரசிப்பாங்க? படிச்சதும் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்க வேண்டாமா?" என்று மேடம் ஒரு பட்டியலை அச்சடித்து, டயப்பர் அலமாரியின் கதவில் ஒட்டிவிட்டார். சியர்ஃபுல் என்றால் கலகலப்பு. கிராங்கி என்றால் சிணுங்கல். கிளிங்கி என்றால் இடுப்பை விட்டு இறங்காதது. காம் என்றால் அமைதி. அக்கா பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். வீட்டில் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "என்ன, இன்னிக்கு கிராங்கியா?" என்பாள். அவன் ஒரு லாரி டிரைவர். "திட்டறதா இருந்தா தமிழ்லயே திட்டு, பதில் சொல்லவாவது வசதியா இருக்கும்" என்பான்.

பிள்ளைகளில் ஒருத்திக்கு வாயாடி என்று பட்டப்பெயர். மூன்றரை வயசு. செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால் மறுபடி மாட்டும்வரை வாய் ஓயாது. நாற்காலியோடு பேசுவாள், சோற்றோடு சண்டை போடுவாள். அவள் டைரியில் மட்டும் சியர்ஃபுல் என்ற வார்த்தை தேய்ந்தே போயிருந்தது.

மழைக்காலத்தில் அவளுக்கு ஜலதோஷம் பிடித்தது. ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். மூலையில் மரக்கட்டைகளை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். அக்கா பட்டியலைப் பார்த்து 'காம்' என்று எழுதினாள். மறுநாள் டைரியில் வாயாடியின் அம்மாவிடமிருந்து ஒரு இதயம் வரைந்து பதில் வந்தது. அடுத்த வாரம் 'அப்சார்ப்டு' என்று எழுதினாள். அதாவது ஒரே காரியத்தில் மூழ்கிப் போவது. மேடம் அதைப் படித்துவிட்டு, "பார்த்தியா, தேறிட்டே!" என்று முதுகில் தட்டினார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் அக்காவின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு அடுக்கு நழுவியது. அறையே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள் வீறிட்டு அழுதன. வாயாடி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பவே இல்லை. கட்டைமேல் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா தட்டுகளை அப்படியே விட்டுவிட்டாள். நேரே மேடத்திடம் ஓடினாள்.

"மேடம், அந்தக் குழந்தைக்குக் காது கேக்கலையோன்னு பயமா இருக்கு."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? விளையாட்டு ஜோர்ல இருக்கும். நாம என்ன டாக்டரா? இந்த மாதிரி பேச்சு வெளியில போனா யாரு இங்க பிள்ளையை விடுவா?"

அன்று சாயங்காலம் அக்கா அலமாரிக் கதவின் முன்னால் வெகுநேரம் நின்றாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினாள். அவளுக்கு வேண்டிய வார்த்தை அதில் இல்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டி, 'நாட் லிஸனிங்' என்று எழுதினாள். கேட்கவில்லை. தப்பில்லாமல் எழுதிவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் காலையில் வாயாடி முகம் வீங்கி வந்தாள். இடது கையில் விரல் தடம் பதிந்திருந்தது. டைரியில் அம்மாவின் குண்டு எழுத்து. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். நேற்றுக் கண்டித்துவிட்டேன், மன்னிக்கவும், இனிமேல் சொன்னபடி கேட்பாள் என்று இருந்தது.

இரண்டு முறை படித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடங்கவில்லை, சொல் பேச்சுக் கேட்கவில்லை என்று அம்மா புரிந்துகொண்டிருக்கிறாள்.

டைரியே வேண்டாம், நேரில் சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் வாசலுக்குப் போனாள். தெரு அகலம் குறைச்சல். அம்மாவின் காருக்குப் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. அம்மா குழந்தையை வாங்கி இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினாள்.

"அம்மா, பாப்பா எவ்வளவு கூப்பிட்டாலும் கேக்க மாட்டேங்குதும்மா..."

"வீட்லயும் அதே கதைதாங்க்கா! பிடிவாதம். அவங்க அப்பா மாதிரியே. நீங்க கொஞ்சம் கண்டிப்பா இருங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"அதில்லம்மா, நான் சொல்ல வந்தது..."

பின்னாலிருந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கார் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியே வாயாடி அக்காவின் உதடுகளையே பார்த்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து மேடம் அக்காவை வாசலுக்கு விடவில்லை. பெற்றவர்களிடம் தனியாகப் பேசக்கூடாதாம். டைரிகளையும் தானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். 'நாட் லிஸனிங்' மேல் வெள்ளை மை பூசி, 'இண்டிபெண்டன்ட்' என்று எழுதச் சொன்னார். யாரையும் சாராமல் இருப்பது என்று அர்த்தம். அக்கா பேனாவைக் கையில் எடுத்தாள். இந்த வேலையும் போனால் அடுத்த வேலைக்கு யாரிடம் போய் நிற்பது? எழுதினாள்.

நாலு மாதம் கழித்து அம்மா பகல் பதினொரு மணிக்கு வந்தாள். கையில் ஆஸ்பத்திரிக் கவர், கக்கத்தில் டைரி. கூடவே குழந்தை. மேடத்தின் மேசையில் டைரியை விரித்துவைத்தாள்.

"சளி காதுக்குள்ள இறங்கி சீழ் வச்சிருக்காம். வலது காது போனது போனதுதானாம். இடது காதுக்கு மெஷின் வைக்கணுமாம். முன்னாடியே ஏன் கவனிக்கலைன்னு டாக்டர் கேட்டார். அமைதியா இருக்கா, சமத்தா இருக்கான்னு தினம் எழுதி வந்துதே, நான் எப்படி சந்தேகப்படுவேன்?"

"எழுதினது இவங்கதான்" என்று மேடம் அக்காவைக் கை காட்டினார்.

"நான் எழுதினேன்மா" என்றாள் அக்கா. "கேக்கலைன்னு எழுதினேன். காதைத்தான்மா சொன்னேன்."

அம்மா பக்கங்களைப் புரட்டினாள். வெள்ளை மை பூசிய இடத்தில் விரல் நின்றது. அதை நகத்தால் கொஞ்சம் சுரண்டினாள். அவள் முகம் கோணியது.

"அதுக்கு நான் அடிச்சேன்க்கா" என்றாள். "கேக்கலைன்னு நீங்க எழுதினதுக்கு அவளை அடிச்சேன்."

மன்னிப்புக் கேட்கவா, ஆறுதல் சொல்லவா, தன்மேல் தப்பில்லை என்று வாதாடவா? எதைச் சொன்னாலும் பொய் மாதிரி அக்காவுக்குத் தோன்றியது. முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். மேடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தாள். யாரும் குடிக்கவில்லை.

வாயாடி அக்காவிடம் வந்து புடவையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குழந்தை ஏதோ சொன்னது. எழுத்துகள் எல்லாம் குழைந்து, பேச்சு வெறும் காற்றாக வந்தது. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டினாள். அதற்கே குழந்தை சிரித்தது.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

திங்கட்கிழமை மேடம் அலமாரிக் கதவிலிருந்த பட்டியலைக் கிழித்துப் போட்டார். "இனிமே எழுதற வேலையே வேண்டாம். வம்பு. இதை ஒட்டினா போதும்" என்று ஒரு ஸ்டிக்கர் சுருளைக் கொடுத்தார். மஞ்சள் முகங்கள். அக்கா சுருளைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாமே சிரித்தன.

"வேற முகம் ஏதும் இல்லையா மேடம்?"

"வேற எதுக்கு?" என்றார் மேடம்.

உள்ளே ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. அக்கா எழுந்து போனாள்.