ரத்னவேலின் பச்சை மீசை

முத்தாயியின் சேலையைப் பச்சையாக்கினால் ரத்னவேலின் மீசையும் பச்சையாகிவிடுகிறது. காலையிலிருந்து ஆறு தடவை செய்து பார்த்தாயிற்று. ஆறு தடவையும் மீசை தப்பவில்லை.

ஹம்னா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தாள். சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு குறுகிய படிக்கட்டு ஏறினால் அவளுடைய ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும்தான் தொழில். படத்தில் மூடிய கண்களைத் திறக்க வைத்திருக்கிறாள், வராத மாப்பிள்ளைத் தோழனைக்கூட ஒருமுறை வரவழைத்திருக்கிறாள். ஒரு மீசையிடம் தோற்றது இதுவே முதல் தடவை.

படம் போன வாரம் ஆங் மோ கியோவில் எடுத்தது. மணப்பெண் இனியாவின் நலங்கு. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தை ஒட்டி நீலத் துணியில் கூடாரம் போட்டிருந்தார்கள். மத்தியான வெயில் அந்தத் துணி வழியாக இறங்கியதில், சந்தனம் முதல் வேட்டி வரை எல்லாவற்றிலும் நீலம் பாரித்திருந்தது. அதைச் சரிசெய்வது எளிது. வேட்டி வெள்ளையாகத் தெரியும்வரை மொத்தப் படத்திலும் நீலத்தைக் குறைத்தாள். முகங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் இனியாவின் அத்தை முத்தாயி கட்டியிருந்தது ராமர் பச்சை. அந்தப் பச்சையில் பாதி ஏற்கெனவே நீலம். கூடாரம் கொடுத்ததையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, அது அசல் நீலச் சேலையாகவே உட்கார்ந்திருந்தது.

வேறு யாருடைய சேலையாக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருக்கலாம். முத்தாயியின் சேலையை விட முடியாது. மாப்பிள்ளை வீட்டார் அத்தைக்கு முறையாக ஒரு சேலை வைத்துக் கொடுத்தார்கள். தனக்கு நீலம் ஆகாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியும் நீலத்திலேயே எடுத்துக் கொடுத்தார்கள். முத்தாயி அதைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டு, தன் ராமர் பச்சையைக் கட்டிக்கொண்டு நலங்குக்கு வந்தார். படத்தில் நீலமாகத் தெரிந்தால், அவர்கள் கொடுத்ததையே கட்டியதாக ஆகிவிடும். இன்று மாலை பொங்கோலில் வரவேற்பு. மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு வைக்கப்போவது இந்தப் படம்தான். நாலு மணிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். இப்போது மணி இரண்டே கால்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்னால் முத்தாயி, மூச்சு வாங்கியபடி பின்னால் அவர் கணவர் ரத்னவேல்.

"என்னம்மா, பச்சையாயிடுச்சா?" என்று கேட்டபடியே முத்தாயி பாஸ்போர்ட் படத்துக்கான ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆயிடுச்சு ஆன்ட்டி. ஆனா கொஞ்சம் கூடுதலா ஆயிடுச்சு" என்று ஹம்னா திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ரத்னவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "என்னம்மா இது, மூக்குக்குக் கீழ கீரை முளைச்சிருக்கு?"

"இப்பத்தான் நாலு பேர் திரும்பிப் பாக்குற மாதிரி இருக்கு" என்றார் முத்தாயி.

ஹம்னா பொறுமையாக விளக்கினாள். கம்ப்யூட்டருக்குச் சேலை என்றால் என்னவென்று தெரியாது. அவள் சேலையில் ஓரிடத்தைத் தொட்டு 'இந்த நீலம் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் பிடி' என்கிறாள். அது பிடித்துக் கொடுப்பதற்குத்தான் செலக்‌ஷன் என்று பெயர். பிடித்த பகுதியில் மட்டும் நிறத்தை மாற்றுகிறாள். எவ்வளவு தாராளமாகப் பிடிக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதைக் கூட்டினால் மீசை மாட்டுகிறது. குறைத்தால் மீசை தப்பிக்கிறது, ஆனால் சேலை மடிப்பின் நிழலில் இருக்கும் கருநீலமும் கூடவே தப்பிக்கிறது.

குறைத்துக் காட்டினாள். பச்சைச் சேலையில் மேலிருந்து கீழ்வரை நீலக் கோடுகள்.

"வரிக்குதிரை" என்றார் ரத்னவேல்.

"நீங்க சும்மா இருங்க!" என்றார் முத்தாயி.

"சரி, மீசைய மட்டும் அழிச்சிட்டு வரைஞ்சிடுறேன் அங்கிள்" என்று ஹம்னா அழிப்பானை எடுத்தாள். அவள் வேலை செய்துகொண்டிருந்தது படத்தின் மேலேயே. அழிப்பானுக்குப் பச்சையை மட்டும் அழிக்கத் தெரியவில்லை; மீசையோடு சேர்த்து மேலுதட்டையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம்.

"ஏம்மா, என் வாய்க்கு மேல ஜன்னல் வெச்சிட்டியே!"

அவசரமாகப் பழையபடி ஆக்கினாள். பிறகு மீசையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். திரை முழுக்க மீசை. ஒவ்வொரு முடியின் ஓரத்திலும் கருநீலம். பக்கத்தில் நிற்பவரின் தலைமுடியைப் பெரிதாக்கினாள். அதன் ஓரத்தில் பழுப்பு. இன்னொருவர், இனியா, மேளக்காரர், எல்லார் முடியிலும் பழுப்புதான். ரத்னவேலின் மீசை ஒன்றில்தான் நீலம். ஹம்னாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கத்தான் தயங்கினாள்.

"அது... லைட்டு அங்கிள். ஒவ்வொரு முடியிலயும் வெளிச்சம் ஒவ்வொரு மாதிரி விழும்லா."

"அதானே" என்று ரத்னவேல் வேகமாகத் தலையாட்டினார். "நம்ம மீசை பொறவியிலயே நல்ல கருப்பு. அந்தப் பளபளப்புல வெளிச்சம் பட்டிருக்கும்."

முத்தாயி ஸ்டூலில் அரைவட்டம் சுற்றி அவரைப் பார்த்தார். "பொறவிக் கருப்பா? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சிங்குல நீலக் கறையத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை போச்சு. பொறவியாம்!"

ரத்னவேல் சுவரில் மாட்டியிருந்த பாஸ்போர்ட் பட அளவுப் பட்டியலைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார்.

"சாயமோ என்னமோ இருந்துட்டுப் போகட்டும்" என்று முத்தாயி தொடர்ந்தார். "எனக்கு ஒண்ணு சொல்லும்மா. நீலத்தையே கட்டிட்டு வான்னு இவரு சம்பந்தி பக்கம் பேசினாருன்னு, அன்னைக்கு நான் இவர்கூடப் பேசல. படத்துல இவரு அந்தக் கோடியில நிக்குறாரு. நான் இந்தக் கோடியில உக்காந்திருக்கேன். நடுவுல பதினோரு பேர். அங்க இருக்குற மீசை எப்படி என் சேலையோட சேரும்?"

ஹம்னாவின் கை நின்றது.

அந்தக் கோடி, இந்தக் கோடி. கம்ப்யூட்டரிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை. என்ன நிறம் என்று மட்டும் சொன்னாள். எந்த இடம் என்று சொல்லவில்லை. நிறத்தை வைத்துப் பார்த்தால் மடிப்பின் நிழலும் சாய மீசையும் ஒரே கருநீலம். அளவை எத்தனை தடவை கூட்டிக் குறைத்தாலும் அவை பிரியப்போவதில்லை. இடத்தை வைத்துப் பார்த்தால் நடுவில் பதினோரு பேர்!

"ஆன்ட்டி, அசையாதீங்க" என்றாள், ஸ்டூலில் இருந்த முத்தாயி அசைந்தால் படம் கெட்டுவிடும் என்பதுபோல.

படத்தில் முத்தாயியைச் சுற்றி, லேசோ என்ற சுற்றிவளைக்கும் கருவியால் ஒரு கோடு போட்டாள். துல்லியமாகப் போடவில்லை, கோலம் பழகும் குழந்தையின் கோடுபோல வளைந்து வந்தது. அந்தக் கோட்டுக்குள் மட்டும் நீலத்தைத் தேடச் சொன்னாள், தாராளமான அளவில். மடிப்பு நிழல் உட்பட சேலை முழுதும் சிக்கியது. மீசை வெளியே பத்திரமாக இருந்தது.

இந்த முறை படத்தைத் தொடவில்லை. நிறம் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றை மேலே போட்டாள். படத்தின் மேல் ஒரு நிறக் கண்ணாடியை வைப்பதுபோலத்தான் அது; கீழே படம் அப்படியே இருக்கும், பிடிக்காவிட்டால் கண்ணாடியை எடுத்துவிடலாம். பிடித்து வைத்த செலக்‌ஷன் தானாகவே அந்த லேயரின் மாஸ்க் ஆயிற்று. மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் நிறம் மாறும். கருப்பாக இருக்கும் இடத்தில் மாறாது.

சேலை பச்சையானது. ரத்னவேலின் மீசை கருப்பாகவே நின்றது.

"ராமர் பச்சை!" என்றார் முத்தாயி. உடனே முகம் சுருங்கியது. "ஐயோ, வளையலும் பச்சையாயிடுச்சே. அது நீலம்."

ரத்னவேல் பட்டியலிலிருந்து திரும்பினார். "நீலமே ஆகாதுன்னு சொன்ன?"

"வளையல் நானா வாங்குனது. சேலை அவங்க குடுத்தது. ரெண்டும் ஒண்ணா?"

ஹம்னா மாஸ்க்கைத் தொட்டு, கருப்புத் தூரிகையால் வளையல்மேல் ஒரு தடவு தடவினாள். வளையல் நீலத்துக்குத் திரும்பியது. கை நழுவிக் கொஞ்சம் சேலையிலும் பட்டது. வெள்ளையால் தடவினாள், அங்கே பச்சை திரும்பியது. எதையும் அழிக்கவில்லை.

மூன்று மணிக்குப் படம் அச்சுக்குப் போனது. முத்தாயி படி இறங்கும்போது, பின்னால் வந்தவரிடம், "வாசல்ல படத்துக்குப் பக்கத்துலயே நில்லுங்க. மீசை நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னது மேலே கேட்டது.

ஹம்னா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள்: முதலில் இடத்தைச் சுற்றிக் கோடு போடு. கோட்டுக்குள் மட்டும் நிறத்தைத் தேடு. மாற்றத்தைத் தனி லேயரில் வை. தப்பாகச் சிக்கியதை மாஸ்க்கில் கருப்பால் மறை.