கண் பொத்தான்

காலை ஒன்பதரைக்கு என் மடிக்கணினி என்னைப் பார்த்து ‘கடவுச்சொல் தவறு’ என்றது. நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். தவறு என்று சொல்வது என் வேலை. அதை ஒரு பழைய பெட்டி என்னிடமே சொன்னால் கோபம் வராதா? மறுபடியும் அடித்தேன். தவறு. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அழுத்தினேன். அப்போதும் தவறு. திரையில் கறுப்புப் புள்ளிகள்தான் வரிசையாக நின்றன.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் அதிலிருக்கும் கோப்பை நான் அனுப்பியாக வேண்டும். வேறு ஊரில் ஒரு பெரிய பதிப்பகத்தில் தலைமைப் பிழைதிருத்துநர் வேலை காலி. தேர்வுக்காக நாற்பது பக்கம் அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் உட்கார்ந்து திருத்தினேன். நேற்று மத்தியானம் கடைசியில் வரும் சொல்லடைவுக்கு முந்நூறு பக்க எண்களை மளமளவென்று அடித்து முடித்து மூடிவைத்தேன். பதினெட்டு வருடமாக வீட்டு மூலையிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

நான் மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவில் வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். முதலில் நாத்தனாரைப் பிடித்தேன்.

“அக்கா, என் லேப்டாப்பத் தொட்டீங்களா?”

“மேல தொடச்சேம்மா, ஒரே தூசி. ஏன், தேஞ்சு போச்சா?”

அவர் துடைக்காத பொருள் எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. ஆனால் துடைக்கிற துணிக்குக் கடவுச்சொல்லை மாற்றத் தெரியாது. மிச்சம் இருந்தது என் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த வேலையைப் பற்றி நான் சொன்னபோது ‘உன் இஷ்டம்’ என்றார். இரண்டே சொற்கள். சொற்களுக்கு நடுவில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு, என்னிடமா? முந்தாநாள் வேறு, “எத்தன மணிக்குள்ள அனுப்பணும்?” என்று கேட்டார். அக்கறையில்லாதவருக்கு மணி எதற்கு? இன்றைக்கு என்னடாவென்றால் வேலைக்குப் போகாமல் கூடத்தில் நிற்கிறார். “அரை நாள் லீவு சொல்லிட்டேன்” என்கிறார். எத்தனையோ நாள் இருக்க, இன்றைக்கு ஏன்? எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது.

இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்கு அடியில் ஒரு ரிப்பேர் கடை உண்டு; பதினொரு மணிக்குத்தான் திறக்கும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன். அவரும் பின்னாலேயே வந்தார். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“நீங்கதான மாத்தினீங்க?”

“எத?”

“பாஸ்வேர்ட.”

“எனக்குப் பழசே தெரியாது. தெரியாதத எப்படி மாத்துவேன்?”

நியாயமான பேச்சுதான். நியாயமாகப் பேசுகிறவர்கள் மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

“நான் போறது உங்களுக்குப் பிடிக்கல. நேரா சொல்ல வாய் வரல. அதான் உள்ளுக்குள்ள வேலை பாக்கறீங்க. பதினெட்டு வருஷத்துல நான் கேட்டது இது ஒண்ணுதான்.”

அவர் கண்ணைத் தரையில் வைத்தபடி நடந்தார். குற்றவாளி அப்படித்தான் நடப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரரைத் தெருவே ‘ஸ்குரூ அண்ணன்’ என்று கூப்பிடும். சோடா மூடிகளில் திருகாணிகளை ரகம் ரகமாகப் பிரித்து வைத்திருப்பார். அவருக்கு ஒரு பழக்கம். வாடிக்கையாளர் கடவுச்சொல்லை அடிக்கும்போது தலையை அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொள்வார். “அது உங்க வீட்டுச் சாவி மாதிரி. நான் பாக்கறது தப்பு” என்பார்.

“யாராவது மாத்தினாங்களா?” என்று கேட்டார்.

“அத இவர்கிட்ட கேளுங்க” என்றேன்.

ஸ்குரூ அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடும்ப விவகாரம் என்று புரிந்துகொண்டு மடிக்கணினியைப் பார்த்தார். “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தலாம். ஆனா உள்ள இருக்கறது போயிடும்.” நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று பத்து.

“இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு பாப்போம். அடிக்கிற கட்டத்துக்குப் பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அடிச்சிட்டு அத அமுக்கிப் பிடிங்க. புள்ளிக்குப் பதிலா நீங்க அடிச்சது தெரியும். நான் பாக்கல, அடிங்க.” சொல்லிவிட்டு அண்ணாந்துகொண்டார்.

அந்தக் கண்ணை நான் ஒருநாளும் தொட்டதில்லை. நான் அடித்ததை நானே சரிபார்ப்பதா? அடித்தேன், அமுக்கினேன். எழுத்துகளுக்கு இடையில் சம்பந்தமே இல்லாமல் இரண்டு ஐந்தும் ஒரு பூஜ்யமும் நின்றன. நான் எண்ணே அடிக்கவில்லையே என்று விழித்தேன்.

என் தோளுக்குப் பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது. “நம்பர் வருது பாரு. நம்பர் லாக் விழுந்திருக்கும்.”

என் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. நேற்றைய முந்நூறு பக்க எண்கள்! இந்தச் சின்ன விசைப்பலகையில் எண்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. வேகமாக அடிக்க வேண்டும் என்று வலதுபக்க எழுத்துகளையே எண்களாக்கும் பூட்டைப் போட்டுக்கொள்வது என் பழக்கம். நேற்று அதை எடுக்காமல் மூடிவிட்டேன். பூட்டு போட்டிருந்தால் எரியும் விளக்கின் மேல், கண் கூசுகிறதென்று கறுப்பு ஒட்டுத்தாளை ஒட்டியவளும் நான்தான்.

பூட்டை எடுத்தேன். அவசரம் அவசரமாக மறுபடி அடித்துக் கண்ணை அமுக்கினேன். ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்கள், எந்தப் பிழையும் இல்லாமல், முழுசாகத் தெரிந்தன.

‘இவரைநம்பாதே.’

விரலை எடுப்பதற்குள் அவர் படித்துவிட்டார். படித்தது எனக்கு முதுகிலேயே தெரிந்தது.

“சரியா வந்துச்சா?” ஸ்குரூ அண்ணன் விசிறியைப் பார்த்துக் கேட்டார்.

“வந்துச்சுங்க” என்றார் என் கணவர். “சரியாத்தான் வந்துச்சு.”

கடையின் இணையத்திலேயே அனுப்பினேன்; பதினொன்றரைக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது. கிடைத்தது என்று பதிலும் வந்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

“எப்பப் போட்டது?” என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

“நாலு வருஷம் ஆச்சு. சீட்டாடறேன்னு தொறந்து என் பாடம் ஒண்ண அழிச்சீங்களே, அன்னிக்கி. கோவத்துல போட்டது. கோவம் ரெண்டு நாள்ல போயிடுச்சுங்க, சத்தியமா.”

“தெனமும் அடிச்சியா?”

ஆமாம். ஒவ்வொரு நாளும் காலையில், அவர் என் பக்கத்தில் காபியை வைத்துவிட்டுப் போகும்போதெல்லாம் அடித்தேன். ஊரார் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள், நான் அடித்ததை ஒருநாளும் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“இன்னிக்கி எதுக்கு லீவு போட்டீங்க?”

“வீட்டு நெட்டு அடிக்கடி போகுதுல்ல. போச்சுன்னா உன்ன எங்கயாவது கூட்டிட்டுப் போய் அனுப்பணுமேன்னுதான்.”

ஸ்குரூ அண்ணனுக்கு எங்கள் பேச்சில் பாதிதான் காதில் விழுந்திருக்கும். “எதுக்கும் பாஸ்வேர்ட மாத்திடுங்கம்மா, நாலு வருஷம் ஒரே சாவி நல்லதில்ல” என்று அவரே அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு அண்ணாந்துகொண்டார். புதுக் கடவுச்சொல் என்று ஒரு வெற்றுக் கட்டம் என் முன்னால் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். என் கணவரும் தலையை அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பாக்கலாம்” என்றேன்.

“இருக்கட்டும், நீ அடி” என்றார். தலையை இறக்கவே இல்லை.