ஒரு மிடறு

வாடிப்பட்டியில் ரோஷன் மதினியைப் பெற்ற அத்தா மவுத்தாகிவிட்டதாகக் காலையில் ஆள் வந்து சொன்னான். சாவு விழுந்த மையத்து வீட்டுக்குப் பச்சைப்பிள்ளை ஆகாது என்று, மூன்று மாத அப்துல் அலீமை என் மடியில் போட்டுவிட்டு மதினியும் என் அண்ணன் நாகூர் கனியும் கிளம்பினார்கள். "மதியத்துக்குள்ள வந்துருவோம் ஷரீபா." பெண் தனியாக இருக்கிறாளாம், தெருக்கதவை வெளியே பூட்டிச் சாவியையும் கொண்டுபோனார் அண்ணன். அம்புட்டு அக்கறை!

யுத்தப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடிய பஸ்ஸை நம்பிப் போனவர்கள், சாயங்கால அசர் தொழுகை தாண்டியும் வரவில்லை.

அலீம் வீறிட்டான். தொட்டிலை ஆட்டினேன். தோளில் போட்டு முற்றத்தைச் சுற்றினேன். தெரிந்த தாலாட்டெல்லாம் தீர்ந்துபோனது. சங்கில் புகட்டிய ஆட்டுப்பாலை என் மேலேயே கக்கினான். எதிர்வீட்டு ராதாமணி ஜன்னல் கம்பி வழியே ஓமத்தண்ணீர் கொடுத்தாள். பசிக்கு ஓமம் என்ன செய்யும்?

என்னிடம் பால் இருந்தது. என் ஐந்து மாத மகள் சாதிகா குடித்தது போக, இவன் அழுகைக்கே சுரந்து ரவிக்கை நனைந்தது. ஆனால் ஒரு மிடறு இறங்கினாலும் இவன் எனக்குப் பால்மகன், சாதிகாவுக்கு உடன்பிறப்பு; இருவருக்கும் நிக்காஹ் ஆகாது. மார்க்கம் அப்படி. அண்ணனோ இவனுக்குப் பெயர் வைத்த அன்றே ஜமாஅத் முன்னால் சொல்லிவிட்டார், இரண்டு மாசம் மூத்தவளானாலும் அலீமுக்குச் சாதிகாதான் என்று. மலாயாவுக்குப் போன என் புருஷனைப் பற்றி, ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நானும் மகளும் இந்த வீட்டில் சோறு தின்பது அந்த ஒரு வாக்கினால்தான். மதினி அதை மறக்கவிடமாட்டாள்.

அழுகை தேய்ந்தது. அதுதான் எனக்கு உயிர் போகிற பயம். குரல் அற்று, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நாசமாய்ப் போகட்டும் கல்யாணம் என்று ரவிக்கையை அவிழ்த்தேன்.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்போது பூட்டுத் திறந்தது. "பஸ்சு சமயநல்லூர்லயே நின்னுபோச்சு" என்று ஓடிவந்த மதினி, பிள்ளையை வாங்கி மாரோடு சேர்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கினான்.

"பசியே இல்ல பாருங்க!" அத்தாவுக்கு அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தாள். "ஒம் மருமகனை நல்லாத்தான் பாத்துக்கிட்ட."

ஆட்டுப்பால் குடித்தான் என்று சொன்னால் நம்பிவிடுவாள். நாக்கு நுனி வரை வந்தது. அப்புறம் பதினாறு வருஷம் கழித்து, கூடப் பிறந்தவனுக்கே என் மகளை நிக்காஹ் செய்து வைப்பேனா?

"மருமகன் இல்ல மதினி. மகன்."

அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மதினி பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். பிறகு சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"ஒனக்கும் ஒம் மகளுக்கும் வேற போக்கிடம் இருக்கா, ஷரீபா?"