நூற்றுக்கு முப்பது கல்

பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், பெண்கள் துடைத்த தரையில் நூறு கல்லுக்கு முப்பது கல், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சரியாக இரண்டு மணிக்குத் தானாகவே மறுபடி அழுக்காயிற்று. புது அழுக்கு இல்லை. காலையில் துடைத்தெடுத்த அதே அழுக்குதான், அதே இடத்தில். ஆறாம் நம்பர் கட்டிலுக்குக் கீழே சிந்தியிருந்த டீயின் கறை, ஓரத்தில் நீண்ட வாலோடு அப்படியே திரும்பி வந்திருந்தது. கதவருகே யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்த தடமும் வந்திருந்தது, குதிகாலில் தேய்ந்த பக்கம் உட்பட. ஆண்கள் துடைத்த இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமையும் இதே கதை. வியாழக்கிழமை முதல் அதைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. யாரைத் திட்டலாம் என்று தேட ஆரம்பித்தார்கள்.

முதலில் அகப்பட்டவர் ஸ்டோர்காரர். கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார். பினாயில் கேனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கலப்பது இரண்டு வருஷமாக நடக்கிறதாம், ஒரு செம்புக்கு மேல் போனதில்லையாம், சத்தியமாம். புது கேன்கள் வந்தன. மூடியைத் திறந்தால் கண் எரிந்தது. இரண்டு மணிக்கு முப்பது கல் அழுக்காயிற்று. பிறகு ஒரு இன்ஜினியர் பூதக்கண்ணாடியோடு வந்து தரையில் படுத்துப் பார்த்துவிட்டு, ஈரப்பதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஈரப்பதத்துக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியில் பழி எப்போதும் போய் உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்தது. பெண்கள் சரியாகத் துடைப்பதில்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு அறுபத்து நான்கு பேர். நாற்பத்தொன்பது பேர் பெண்கள். பதினைந்து ஆண்களில் நான்கு பேர் சூப்பர்வைசர்கள், மீதிப் பதினொரு பேர் கனவேலைக்காரர்கள். பெண்கள் அத்தனை பேரும் இலகு வேலைக்காரர்கள். இலகு வேலை என்றால் இருபது லிட்டர் பக்கெட்டை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுவது, ஏனென்றால் லிப்ட் நோயாளிகளுக்கு மட்டும். கனவேலை என்றால் தரை தேய்க்கும் மெஷினைத் தள்ளுவது. அதற்குச் சக்கரம் உண்டு, மோட்டார் உண்டு, ஒரு விரலால் தொட்டால் அதுவே போகும். இது கனம், அது இலகு என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் காகிதத்தில் எழுதியிருந்தார். அவரும் ஓய்வு பெற்றார், அவர் மேஜையும் ஓய்வு பெற்றது, எழுதினது மட்டும் இன்னும் வேலையில் இருந்தது. நாற்பத்தொன்பது பெண்களிலும் பத்தொன்பது பேர்தான் நிரந்தரம். முப்பது பேர் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் பெண்கள் துடைத்த வார்டுகளில் முப்பது இல்லை, நூற்றுக்கு அறுபது கல் அழுக்காயிற்று. அவர்களில் வேறு பாஷை பேசும் தூரத்து ஊரிலிருந்து வந்த நான்கு பேருக்கு அறுபத்தைந்து. அந்த ஐந்து கல் என்ன கணக்கு என்று அப்போது விளங்கவில்லை. மாதாமாதம் அடையாள அட்டைக்கு என்று அவர்களிடம் பிடிக்கிற தொகை அது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இதையெல்லாம் எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டவன் மெஷின் தள்ளுகிற தம்பி. நாற்பத்திரண்டு வயது ஆளைத் தம்பி என்று ஆஸ்பத்திரியே கூப்பிட்டதற்குக் காரணம், அவன் அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தாள், அவளை எல்லோரும் அக்கா என்றார்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய பஞ்சர் கடை படுத்துவிட்டது. அவனும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அக்காதான் ஆபீஸ் வாசலில் ஆறு நாள் நின்று அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். மாப்பை எட்டுப் போடுவதுபோல் வீசவேண்டும், கக்கூஸ் மாப் வார்டு வாசலைத் தாண்டக்கூடாது, துடைத்த ஈரத்தை மிதிக்காமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். மெஷினைக்கூட முதல் வாரம் அவள்தான் ஓட்டிக் காட்டினாள். முதல் சம்பளத்தன்று, "எவ்வளவுடா வந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய கடன் விண்ணப்பத்தை அவன் பூர்த்தி செய்து கொடுத்திருந்தான், அவள் சம்பளச் சீட்டு அவனுக்கு மனப்பாடம். அவனுக்கு நூறு என்றால் அவளுக்கு எழுபது. அவளோ இருபது வருஷ சர்வீஸ்.

"உனக்கு வர்றதுதாங்க்கா எனக்கும்" என்றான். அடுத்த மாதம் நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அடுத்த மாதம் என்பது நூற்று முப்பத்திரண்டு தடவை வந்துபோயிற்று.

சிறுநீரகப் பிரிவில் அக்கா துடைக்கிற வார்டு நீளத்தில் பத்து கல், அகலத்தில் பத்து கல். புதன்கிழமை இரண்டு மணிக்கு அங்கே மெஷினை நிறுத்திவிட்டு அவன் எண்ணிப் பார்த்தான். முப்பது. மறுபடி எண்ணினான். காது மடல் சூடாகிப்போயிற்று. திருடும்போது பிடிபட்டவனுக்குக்கூட ஓட இடமிருக்கும், இவனுக்கு அதுவும் இல்லை. எங்கே ஓடினாலும் தரைதானே. ஒரு கந்தல் துணியை நனைத்து முட்டிபோட்டு முதல் கல்லைத் துடைத்தான். அது சுத்தமாயிற்று, சுத்தமாகவே இருந்தது. ஆண் துடைத்தால் போன அழுக்கு திரும்பவில்லை. அன்றைக்கே அவனுக்கு வழி கிடைத்துவிட்டது.

அக்கா ஒன்றே முக்காலுக்குத் துணி அறைக்குச் சாப்பிடப் போவாள், இரண்டரைக்குத் திரும்புவாள். இரண்டு மணி அடித்ததும் தம்பி வார்டு வாசலில் 'ஈரத் தரை, கவனம்' என்கிற மஞ்சள் பலகையை நட்டுவிடுவான். துப்புரவுக்காரர்களுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே அதிகாரம் அந்தப் பலகைதான். அதைத் தாண்டிப் பெரிய டாக்டர்கூட வரமாட்டார். உள்ளே அவன் அக்காவின் கற்களைத் தேடித் தேடி, கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து துடைப்பான். நோயாளிகள் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கிழவர் மட்டும், "என்னப்பா, தினம் எதைத் தேடுற?" என்று கேட்டார். மோதிரம் தொலைந்துவிட்டது என்று சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு மோதிரம் எம்மாத்திரம்.

இப்படி இருபது நாள் ஓடியதில், பெண்கள் பார்க்கிற வார்டுகளிலேயே அக்காவுடையது ஒன்றுதான் பளிச்சென்று இருந்தது. மேலாளர் வந்து பார்த்தார், அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், மற்றவர்கள் இந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று புது நோட்டீஸ் ஒட்டினார். கற்றுக்கொள்ளாதவர்களுக்கு நாள் ஒன்றுக்கு அரைச் சம்பளம் வெட்டு. மாதக் கடைசிக்குள் தரை சரியாகாவிட்டால் கான்ட்ராக்டில் மூன்று பேருக்கு வேலை போகும் என்றும் அதில் இருந்தது. மூன்று பெயர்களில் முதல் பெயர் மின்னலுடையது. அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பட்டப்பெயர். ஆனால் அவள் துடைத்த மூலையில் ஒரு தலைமுடி கிடைத்ததாக யாரும் சொன்னதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது தம்பிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தினமும் பலகையை நட்டான்.

அக்காவுக்குப் பெருமை தலைக்கு ஏறாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினால் யாருக்குத்தான் ஏறாது. துணி அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மின்னலைப் பிடித்தாள். தம்பி அழுக்குத் துணி மூட்டையைத் தூக்க வந்தவன், கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"நான் என்ன மந்திரமா போடுறேன்? குனிஞ்சு துடைக்கிறேன், அவ்வளவுதான். உங்களுக்கு இடுப்பு வளையல. பேச்சு பேசவே நேரம் சரியா இருக்கு. இதுல சம்பளத்தை வெட்டுறாங்கன்னு அழுகை வேற."

"துடைக்கிறேங்க்கா. ரெண்டு மணிக்குத் திரும்ப வந்துடுது" என்றாள் மின்னல்.

"எனக்கு மட்டும் ஏன் வரல?"

மின்னல் கையிலிருந்த உருண்டையை வாயில் போடாமல் டப்பாவில் வைத்து மூடினாள். தம்பி மூட்டையை எடுக்காமலே திரும்பிப் போனான். அன்று மத்தியானமும் பலகையை நட்டுவிட்டுக் கல் துடைத்தான். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஆனால் அது மூன்றாம் மாடி, பிளந்தாலும் இரண்டாம் மாடியில்தான் விழுவான்.

சொல்லிவிடுவது என்று மூன்று நாள் தீர்மானம் செய்தான், மூன்று நாளும் நாக்கு எழவில்லை. நான்காம் நாள் கோழை செய்கிற காரியத்தைச் செய்தான்: சொல்லவில்லை, துடைக்கவும் இல்லை. இரண்டரைக்கு அக்கா வந்தாள். முப்பது கல்லைப் பார்த்தாள். யாரோ வேண்டுமென்றே மிதித்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டாள். பக்கெட்டைக் கொண்டுவந்து துடைத்தாள். பிழிந்துவிட்டு நிமிர்வதற்குள் அழுக்கு திரும்பியது. முட்டிபோட்டுத் துடைத்தாள். முந்தானையால் துடைத்தாள். சத்தம் கேட்டுத் துணி அறையிலிருந்து பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அக்கா பின்னால் சொன்னாள்.

தம்பி போய் அவள் பக்கத்தில் முட்டிபோட்டு ஒரு கல்லைத் துடைத்தான். அது சுத்தமாகவே நின்றது. அக்கா கல்லைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனால் கூட்டல் கழித்தலில் அவளை யாரும் ஏமாற்றினதில்லை, தம்பியைத் தவிர.

"உனக்கு நூறு, எனக்கு எழுபதா? எத்தனை வருஷமாடா?"

"சேர்ந்த மாசத்துலேர்ந்து."

"இதைத் துடைக்கிறது?"

"இருபத்தஞ்சு நாளா." துணியைப் பிழிந்துகொண்டே, "இனிமே மாசாமாசம் மீதியை உங்கிட்ட குடுத்துடுறேங்க்கா" என்றான்.

"எனக்கு நீ குடுப்ப. மின்னலுக்கு யாருடா குடுப்பா?"

அவன் அப்படியும் அடுத்த மாதம் கொண்டுபோய் அவள் அலமாரியில் வைத்தான். அன்றைக்கும் முப்பது கல் அழுக்காயிற்று. அது தம்பியின் பணம், ஆஸ்பத்திரியின் பணம் இல்லை, தரைக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. அக்கா அதை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் அது பின்னால் நடந்தது. அன்றைக்கு அவள் எழுந்து நேராக மின்னலிடம் போனாள்.

"உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு."

மின்னலுக்கும் அதைக் கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கு முப்பதுக்கா, எங்களுக்கு அறுபது. நாங்களும் எண்ணிட்டுத்தான் இருந்தோம்" என்றாள். "உங்க முப்பதைத் துடைக்கத் தம்பி இருந்தாரு." இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் தம்பி அதை இன்றுவரை மறக்கவில்லை.

நாற்பத்தொன்பது பெண்களும் சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்கள். அக்கா முன்னால் நின்றாள். தம்பியும் போனான், தன் சீட்டை மேஜைமேல் வைத்தான்; அதற்குப் பிறகு மற்றப் பத்துக் கனவேலைக்காரர்களும் அவனோடு டீ குடிக்க வரவில்லை. மேலாளர் கெட்டவர் இல்லை. எல்லாச் சீட்டுகளையும் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தன் கைக்கு எட்டியது இவ்வளவுதான் என்றார். அழுக்கு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் புகார் வராது, புகார் வராவிட்டால் யாருக்கும் வேலை போகாது. அடுத்த மாதம் கொத்தனார்கள் வந்தார்கள். பெண்களின் வார்டுகளில் நூற்றுக்கு முப்பது வெள்ளைக் கல்லைப் பெயர்த்துக் கறுப்புக் கல் பதித்தார்கள், கான்ட்ராக்ட் வார்டுகளில் அறுபது, அந்த நான்கு பேருடைய இடத்தில் அறுபத்தைந்து. இரண்டு மணி அழுக்குக்கும் சூட்சுமம் இருந்தது, கறுப்புக் கல்லாகப் பார்த்தே வந்தது. மின்னலுக்கு வேலை போகவில்லை. கல்லுக்கும் கூலிக்கும் ஆன செலவில் அத்தனை பெண்களுக்கும் நான்கு வருஷம் சரிசமமாகச் சம்பளம் கொடுத்திருக்கலாம் என்று ஸ்டோர்காரர் கணக்குப் போட்டார். அவருடைய கணக்கை யார் நம்புவார்கள்.

பார்க்க வந்தவர்கள் தரை அழகாக இருக்கிறது என்றார்கள். சீக்கிரமே ஊரில் வசதியான வீடுகளிலும் அந்த மாதிரி கேட்க ஆரம்பித்தார்கள். கல் கடைகளில் 'ஆஸ்பத்திரி மாடல்' என்றே பெயர் வந்தது. மூன்று வருஷம் கழித்துத் தம்பி இரண்டு அறையோடு சொந்த வீடு கட்டினான். நூற்றுக்கு நூறாக வாங்கினவன் கட்டின வீடுதான். தரைக்குக் கல் வாங்க மனைவியோடு போனான். "முப்பது இருக்கு, அறுபது இருக்கு, எது வேணும்?" என்றான் கடைக்காரன். அறுபது ரொம்ப இருட்டு, முப்பதுதான் பதவிசாக இருக்கிறது என்றாள் மனைவி. வெறும் வெள்ளை போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். அவளுக்கும் அவன் அதுவரை எதையும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டைப் பார்க்க அக்கா வேலை முடிந்து நேராக வந்தாள், கையில் பினாயில் வாசனையோடு. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது அவளுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். உதடு மெல்ல அசைந்தது, எண்ணுகிறாள் என்று தம்பிக்குத் தெரிந்தது. வெளிச்சம் போதுமா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். "எப்படி அண்ணி இருக்கு?" என்று அவன் மனைவி ஆவலாகக் கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா. அழுக்கே தெரியாது" என்றாள் அக்கா. தாகமாக இருக்கிறது என்று சொல்லி, பக்கத்திலிருந்த ஒரு கறுப்புக் கல்லின் மேலேயே உட்கார்ந்தாள். தம்பி தலையை நிமிர்த்தாமல் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான்.