மிளகாய் சுற்றி வந்த செய்தி

“அம்மா, போர் வந்தா அரிசியச் சுடுவாங்களா?”

காய்ச்சலில் கிடந்த ஏழு வயது மீனம்மா இப்படிக் கேட்டது 1952ஆம் வருடம், இலங்கையின் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயமொன்றில். தாய் காளியாயி நெற்றி ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். அவளும் அதே பயத்தில்தான் இருந்தாள்.

அன்று காலை மஃறூப் நானா கடை வாசலில் லயத்துச் சோலைமலை பேப்பர் வாசித்தான். வழக்கம்போல முன்பக்கம் மட்டும். ‘அமெரிக்கா – சீனா வர்த்தகப் போர்! நம் அரிசிக்கு ஆபத்து!’ ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன்.

“உள்ளுக்கு என்னாண்ணே போட்டிருக்கான்?” என்றாள் காளியாயி.

“உள்பக்கத்துல நானா சாமான் கட்டிட்டாரு. போருன்னு போட்டவன் உள்ளுக்குக் கல்யாணச் சேதியா போடுவான்?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் மதியத்துக்குள் லயத்து அரிசிப் பானைகளெல்லாம் மறைவிடம் தேடிவிட்டன.

தோட்டத்தில் பங்கீட்டு அரிசி போட இன்னும் நான்கு நாள். பிள்ளைக்குக் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார் தோட்டத்து வைத்தியம் பார்க்கும் மருந்தையா. காளியாயியின் பானையிலோ ஒரு பிடிகூட இல்லை. ஐந்து வீடு ஏறினாள். நேற்றுவரை கொடுத்து வாங்கியவர்கள், “எங்களுக்கே இல்லடி” என்று கதவிடுக்கில் சொன்னார்கள்.

லயத்தின் கடைசி அறைவீடான காம்பரா நாகலெட்சுமியுடையது. மூன்று பிள்ளைக்காரி. பானையைத் திறந்து, சுண்டுக் குவளையால் ஒரு சுண்டு அரிசி அளந்தாள்.

“ஒனக்குப் பயமா இல்லியாக்கா?”

“பயந்தான். அதுக்காவ புள்ளயப் பட்டினி போடுறதா? திருப்பிக் கொண்டாந்தா, கோவிச்சுக்குவேன்.”

அந்த அரிசி மூன்று நாள் கஞ்சியானது. நீரை விளாவி விளாவிக் காய்ச்சினாள். ஒவ்வொரு வேளையும் மிச்ச அரிசியைப் பிடிபிடியாய் எண்ணிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மீனம்மா எழுந்து உட்கார்ந்தாள். கடையிலிருந்து காய்ந்த செத்தல் மிளகாய் சுற்றி வந்த தாளை எழுத்துக்கூட்டினாள். ‘கொழும்புத் துறைமுகத்தில் இரண்டு அரிசிக் கப்பல்கள். பேச்சு தொடர்கிறது. பங்கீடு குறையாது.’

“அம்மா, இது போருன்னு போட்ட அன்னைக்கிப் பேப்பருதான். தேதி இருக்கு.”

பயத்தைக் கட்டைவிரல் பருமனில் அச்சடித்தவர்கள் ஆறுதலைக் கடுகளவு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பேப்பரில் சொன்னபடி மறுநாள் அரிசி குறையாமல் போட்டார்கள்.

அதற்கடுத்த மதியம் பிள்ளையைப் பார்க்கக் கொழுந்து மலையிலிருந்து இறங்கிய காளியாயி, தன் பங்கு அரிசியில் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டு ஆளில்லாத கடைசிக் காம்பராவுக்குள் நுழைந்தாள். நாகலெட்சுமியின் பானை நிறைந்திருந்தது, கூடினால் தெரியாது. குவியலாய் ஒரு சுண்டும், மேலே ஒரு பிடியும் போட்டு, கையால் சமன்செய்து மூடினாள்.

கதவைச் சாத்திவிட்டுக் கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறினாள்.